தோட்டத்தின் குறுக்கே ஒரு பச்சைக் கோடு

வட டெவன்
3 ஆகஸ்ட் 1976

மியூரியல்,

முதலில் வாழ்த்துகள், அக்கா. இதைச் சொல்லாமல் விஷயத்துக்கு வந்தால் அடுத்த கடிதம் முழுக்க அதைப் பற்றியே எழுதுவாய். அதனால் சொல்லிவிட்டேன்.

இப்போது விஷயம். உன் தோட்டத்துக்கு அடியில் ஊர்க் குடிநீர்க் குழாய் ஒழுகுகிறது.

நீ எழுதியதை வைத்துத்தான் சொல்கிறேன். இந்தக் கோடையில் உங்கள் ஊர் வைல்டன் அபாஸ் முழுக்கப் புல் காய்ந்து வைக்கோலாகிவிட்டது என்கிறாய். ஊரின் பெரிய வீடான மேனர் வீட்டுத் திருமதி தொரோகுட்டின் ரோஜாக்கள்கூடக் கருகிவிட்டன. உன்னுடையது மட்டும் பச்சை. அதனால்தான் இத்தனை வருடம் உன் கேட்டைத் திரும்பிப் பார்க்காமல் போன அந்த அம்மாள், தானே கதவைத் தட்டி, பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஊர்த் தோட்டங்களைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுக்கும் வரைபடத்தில் உன் தோட்டத்தையும் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். வெளியூரிலிருந்து வந்து குடியேறிய பள்ளிக்கூட டீச்சருக்கு அந்த ஊரில் இது ராஜ மரியாதை. அது எனக்கும் புரிகிறது.

ஆனால் நீ ஒரு படமும் வரைந்து அனுப்பியிருக்கிறாய். பச்சையாக இருக்கும் இடத்தைப் பென்சிலால் தீட்டியிருக்கிறாய். கேட்டிலிருந்து பின்பக்கப் பேரி மரம் வரை, ஸ்கேல் வைத்து இழுத்தது போல ஒரு பட்டை. பட்டைக்கு இரண்டு பக்கமும் வெறும் வெள்ளை. செடிகள் நேர்கோட்டில் செழிக்காது. நேர்கோட்டில் போவது குழாய்தான்.

குளித்த தண்ணீரை வாளியில் சுமந்து ஊற்றியதால் வந்த பலன் என்று நீ நம்புகிறாய். கணக்கு உதைக்கிறது, மியூரியல். ஒரு தொட்டித் தண்ணீர் அந்த மண்ணுக்கு, இந்த வெயிலில், நாக்கை நனைக்கக்கூடக் காணாது.

இங்கே நான் தெருக்குழாய் போட்டுக்கொண்டிருக்கிறேன். வறட்சிக்காக வீட்டுக் குழாய்களை அடைத்துவிட்டு முச்சந்தியில் ஒரு குழாய். அதுதான் இப்போது பொறியாளர் வேலை. நேற்று ஒரு கர்ப்பிணிப் பெண் நிறைந்த வாளியோடு மேடு ஏறுவதற்கு முன்னால் நின்று மூச்சு வாங்கினாள். "தண்ணிய நிறுத்தினவன் நீதானா?" என்றாள். ஆமாம் என்றேன். "இன்னைக்கு நீ குளிச்சியா?" இல்லை என்றேன். மூக்கைச் சுளித்துக்கொண்டு, "சரி, நம்பறேன்" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கினாள்.

உங்கள் வட்டார நீர் அலுவலகத்துக்கு இன்றைக்கே போன் பண்ணு.

ரோலண்ட்


வைல்டன் அபாஸ்
5 ஆகஸ்ட்

அன்புள்ள ரோலண்ட்,

வாழ்த்துக்கு நன்றி. ஒரு வரிதான் என்றாலும் வாழ்த்து வாழ்த்துதானே.

உன் கடிதத்தைக் காலை உணவுக்கு முன்னால் படித்தேன். பிறகு டோஸ்ட் இறங்கவில்லை. அப்படியே தோட்டத்தில் போய் நின்றேன். அந்தக் கோட்டை நான் பார்க்காமலா இருந்திருப்பேன்? பார்த்தேன். அந்த இடத்து மண் நல்ல மண் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பதில் என்ன தப்பு?

திருமதி தொரோகுட் வந்தபோது கேட்டைத் திறந்து உள்ளே வந்து, ஃப்ளாக்ஸ் பூக்களுக்கு முன்னால் நின்று, "உங்க தோட்டம் ரொம்பத் துணிச்சலா இருக்கு, மிஸ் ஆஸ்லி" என்றார். அது பாராட்டா இல்லையா என்று அன்றைக்கெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பாராட்டு என்று முடிவு செய்தேன். இப்போது நீ வந்து அதையும் பிடுங்கிக்கொள்கிறாய்.

அந்தச் செடிகளை நான் நட்டேன். நான் களையெடுத்தேன். நத்தைகளை டார்ச் வைத்துப் பொறுக்கியவள் நான். குழாய் விதை போடாது, ரோலண்ட்.

இந்த வருடம் ஒவ்வொரு தோட்டத்திலும் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று ஒரு பலகை வைக்க வேண்டும். தோட்டத்துக்கு ஹோஸ் குழாயில் தண்ணீர் பிடிக்கத் தடை இருக்கும்போது யாரும் சந்தேகப்படக்கூடாது பார். பக்கத்து வீட்டு மேஜர் கில்ஃபாயில் 'சொந்தக் கிணறு' என்று எழுதியிருக்கிறார். நான் 'குளியல் தண்ணீர் மட்டும்' என்று வெள்ளைப் பெயின்டில் எழுதி முடித்துவிட்டேன். பொய் இல்லை. நான் ஊற்றியது அதைத்தான்.

ஆட்கள் வந்தால் எங்கே தோண்டுவார்கள்? கேட்டிலிருந்து பேரி மரம் வரை. அதுதானே என் தோட்டம்? பதினைந்தாம் தேதி போகட்டும். பதினாறாம் தேதி காலையில் நானே போன் பண்ணுகிறேன்.

அந்தக் கர்ப்பிணிப் பெண்ணைப் பற்றி வேண்டுமென்றேதான் எழுதினாய்.

அன்புடன்,
மியூரியல்


வட டெவன்
9 ஆகஸ்ட்

மியூரியல்,

ஆமாம், வேண்டுமென்றேதான் எழுதினேன்.

நீ பண்ண மாட்டாய் என்று தெரிந்ததால் நானே அலுவலகத்துக்குப் போன் பண்ணிவிட்டேன். அதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. அங்கே இருக்கும் குமாஸ்தா, எங்கள் வரைபடப்படி குழாய் தெருவுக்கு அடியில்தான் போகிறது, தோட்டத்துக்கு அடியில் இல்லை என்கிறான். ஒழுகுகிறது என்று நான் சொல்ல, வரைபடத்தில் இல்லை என்று அவன் சொல்ல, இப்படியே ஓடியது. காசு போட்டுப் பேசும் பெட்டியில் என் சில்லறை முழுக்கத் தீர்ந்தது.

அவனிடம் சொன்னதை உனக்கும் சொல்கிறேன். உன் கேட் ஏன் தெருவைப் பார்த்து நிற்காமல் சர்ச் கோபுரத்தைப் பார்த்துக் கோணலாக நிற்கிறது என்று என்றைக்காவது யோசித்தாயா? பழைய தெரு அந்தப் பக்கமாகத்தான் போனது. மேனர் வீட்டுக்காரர்கள் எந்தக் காலத்திலோ தங்கள் மதிலை வெளியே தள்ளிக் கட்டினார்கள். தெரு வளைந்து கொடுத்தது. குழாய் வளையவில்லை. பழைய தெரு இருந்த இடம் உன் தோட்டமாகிவிட்டது. ஊரே சரித்திரம், சரித்திரம் என்று பெருமை அடித்துக்கொள்கிறது. மண்ணுக்கு அடியில் இருக்கும் சரித்திரம் ஒருத்தருக்கும் தெரியாது.

இந்த வாரத்துக்குள் ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான். செடிகளை முன்கூட்டியே பெயர்த்துத் தொட்டியில் வை. பாதியாவது பிழைக்கும்.

ரோலண்ட்


வைல்டன் அபாஸ்
11 ஆகஸ்ட்

ரோலண்ட்,

நீ சொல்வது சரியாகத்தான் இருக்கும். எப்போதும் சரியாகத்தான் இருக்கிறது. உன்னோடு பேசுவதில் இருக்கும் கஷ்டமே அதுதான்.

நான் இந்த ஊருக்கு வந்ததிலிருந்து எல்லாருக்கும் வணக்கம் சொல்கிறேன். அவர்கள் என் தொப்பியைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். சைக்கிளைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளுங்கள் என்பதைத் தவிர யாரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை. திங்கட்கிழமை கடையில் மேஜரின் மனைவி என் பக்கத்தில் வந்து நின்று, "உங்க ஃப்ளாக்ஸ்ல ஒரு குச்சி கிடைக்குமா? நீங்க வெச்சா எதுவும் வரும் போல" என்றார். நீங்கள் வைத்தால். புரிகிறதா? நான் ரொட்டி வாங்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இந்த ஊரில் நல்ல தோட்டக்காரி என்று ஒரு பெயர். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரைக்குமாவது என்னிடம் விட்டுவை. தயவு செய்து அந்த ஆட்களை நிறுத்து. உன்னிடம் இதுவரை நான் எதுவும் கேட்டதில்லை.

மியூரியல்


வைல்டன் அபாஸ்
16 ஆகஸ்ட்

ரோலண்ட்,

உன் ஆட்கள் எங்கே?

வெள்ளிக்கிழமை வரவில்லை. சனிக்கிழமை வரவில்லை. நான் சந்தோஷப்பட்டேன், அதையும் எழுதிவிடுகிறேன். ஞாயிறு காலையில் வருகிறவர்களுக்காக ஜாம் வைத்த கேக்கை மேஜையில் வைத்து, பலகையை நிமிர்த்தி, கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

வந்தார்கள். கையில் மடித்த வரைபடம், தலையில் வைக்கோல் தொப்பி. மற்ற தோட்டங்களில் காய்ந்த குச்சிகளுக்கு முன்னால் நின்று தோட்டக்காரரோடு சேர்ந்து பெருமூச்சு விட்டுவிட்டு வருகிறார்கள். என் கேட்டுக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றுவிடும். வெளியே போகும்போது தோட்டக்காரரிடம் ஏதாவது நல்லதாகச் சொல்லிவிட்டுப் போக வேண்டும், அது வழக்கம். எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். "உங்களுக்கு நல்ல அதிர்ஷ்டம்." முதலில் நன்றி நன்றி என்றேன். ஒருத்தர், "மேகம் உங்க வீட்டுக்கு மேல மட்டும் நின்னுச்சோ?" என்றார். அதற்கும் சிரித்து நன்றி சொன்னேன். அப்புறம்தான் உறைத்தது. திருடி என்று இந்த ஊரில் சொல்ல மாட்டார்கள். அதிர்ஷ்டக்காரி என்பார்கள்.

மேஜர் கில்ஃபாயில் டேலியாச் செடிக்குப் பக்கத்தில் கைத்தடியை ஊன்றினார். அது உள்ளே இறங்கியது. இழுத்தபோது நுனியில் சேறு. இந்த ஊரில் யாரும் சேற்றைப் பார்த்து எத்தனை மாதமாயிற்று? கைக்குட்டையால் மெதுவாகத் துடைத்துக்கொண்டு, "அபாரம்" என்று சொல்லிவிட்டு, டீ குடிக்காமல் போய்விட்டார். அவர் மனைவி குச்சியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

கடைசியாகத் திருமதி தொரோகுட் வந்தார். பின்னால் ஒரு கூட்டம். பலகையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "நீங்க எவ்ளோ சுத்தம், மிஸ் ஆஸ்லி. ஒரு நாளைக்கு எத்தனை தடவை குளிப்பீங்க?" என்றார்.

யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை. இங்கே அப்படிச் சிரிக்க மாட்டார்கள்.

கேக் வெட்டாமல் அப்படியே இருக்கிறது. ஆட்களை இன்றைக்கே வரச் சொல், ரோலண்ட். கேட்டிலிருந்து பேரி மரம் வரை தோண்டட்டும். ஊரே பார்க்கத் தோண்டட்டும்.

மியூரியல்


வட டெவன்
18 ஆகஸ்ட்

மியூரியல்,

ஆட்கள் வர மாட்டார்கள். உன் பதினோராம் தேதிக் கடிதம் கிடைத்ததும் போன் பண்ணி, நான் தவறாகச் சொல்லிவிட்டேன், ஒழுக்கு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன். ஒழுகுகிற குழாயை ஒழுகவில்லை என்று ஒரு பொறியாளன் தன் வாயால் சொல்வது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. அந்தக் குமாஸ்தாவுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். "வரைபடத்துல இல்லன்னு நான்தான் அப்பவே சொன்னேனே, சார்" என்றான். நான் நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

இன்று காலை மறுபடி அவனிடமே பேசினேன். ஒழுகுகிறது என்றேன். அவன், "சார், நீங்க தப்பா சொன்னது முதல் தடவையா, ரெண்டாவது தடவையா?" என்று கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான். அதுதான் தாங்க முடியவில்லை.

பிறந்ததிலிருந்து முதல் தடவையாக உன் பேச்சைக் கேட்டேன். கேட்டதற்குப் பலன் இது. நீ அன்றைக்கே போன் பண்ணியிருந்தால் ஊருக்கே தெரிந்த ஒழுக்காகியிருக்கும், எவரும் உன்னை எதுவும் சொல்லியிருக்க முடியாது. நான் சொன்னேனே என்று எழுதக்கூடாது என்று நினைத்தேன். எழுதிவிட்டேன்.

மாதக் கடைசியில் வங்கி விடுமுறைத் திங்கட்கிழமையை ஒட்டி எனக்கு லீவு கிடைக்கும். இருபத்தெட்டாம் தேதி வந்து நானே தோண்டுகிறேன்.

ரோலண்ட்


வைல்டன் அபாஸ்
20 ஆகஸ்ட்

ரோலண்ட்,

வா. மண்வெட்டி இருக்கிறது.

நேற்று என் கேட்டில் யாரோ ஒரு ரப்பர் வாத்தைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். குளியல் தொட்டியில் குழந்தைகள் மிதக்கவிடும் மஞ்சள் வாத்து. நான் கத்தரிக்கோல் எடுத்து வந்து வெட்டும்வரை தெருவில் யாரோ நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரென்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான் கேட்டபடியே செய்ததற்கு உனக்கு நன்றி சொல்ல வேண்டும். இன்றைக்கு என்னால் முடியவில்லை.

மியூரியல்


வட டெவன்
1 செப்டம்பர்

மியூரியல்,

சாப்பிடாமல் கிளம்பியதற்கு வருத்தம். கிளம்பியதற்கு வருத்தம் இல்லை. இன்னும் ஒரு மணி நேரம் இருந்திருந்தால் அந்தத் தொரோகுட் அம்மாளின் குடையை உடைத்திருப்பேன்.

நடந்ததை நான் வரிசையாக எழுதுகிறேன். எங்கே தப்பு நடந்தது என்று நீயே பார்த்துச் சொல்.

சனிக்கிழமை முழுக்கத் தோண்டினேன். ஞாயிறு மதியம் குழாய் தெரிந்தது. இணைப்பில் ஈயம் விட்டுப்போய், பாம்பு சீறுவது போலத் தண்ணீர் பீய்ச்சுகிறது. நீயும் கண்ணால் பார்த்தாய். அந்தச் சேற்று பூட்ஸோடு நேராக மேனர் வீட்டுக்குப் போனேன். உள்ளே விருந்தாளிகள், மாட்டிறைச்சி வறுவல் வாசனை. ஐந்து நிமிடம் வந்து பாருங்கள் என்றேன். திருமதி தொரோகுட் என் பூட்ஸைப் பார்த்தார். "நாளைக்குக் காலையில வசதிப்படும்" என்றார். கையைப் பிடித்து இழுத்து வந்திருக்க வேண்டும். நான் முட்டாள், நாளைக்கு என்று ஒப்புக்கொண்டேன். ஒழுக்கை இரவுக்குத் துணி சுற்றிக் கட்டிவைத்தேன்.

விடியும்போது மழை. வருடம் முழுக்க வராத மழை அன்றைக்குத்தான் வந்தது. ஊரில் பெரிய மனிதர்கள் எல்லாம் பைஜாமாவோடு தெருவில் நின்று நனைகிறார்கள். நாட்டிலேயே அந்த மழையைப் பார்த்துச் சபித்த ஒரே குடிநீர்ப் பொறியாளன் நான்தான். போர்வை, வாளி, பலகை என்று என்னென்னவோ வைத்துப் பார்த்தேன். அவர் வருவதற்குள் குழி விளிம்பு வரை நிரம்பிவிட்டது.

குடையைச் சாய்த்து எட்டிப் பார்த்தார். "மழை பெஞ்சா குழியில தண்ணி நிக்கத்தானே செய்யும், மிஸ்டர் ஆஸ்லி" என்றார். சரியாகத்தான் சொல்கிறார்.

இப்போது என் கேள்வி. அந்த நேரத்தில் நீ என்ன செய்தாய்? "சிரமம் பார்க்காம வந்தீங்களே, ரொம்ப நன்றி" என்றாய். தலை முழுக்க நனைந்து, உன்னைத் திருடி என்று சொன்னவருக்கு நன்றி. பாருங்கள், இதோ குழாய் என்று ஒரு வார்த்தை சொன்னாயா? ஏன் சொல்லவில்லை? எனக்கு உண்மையிலேயே புரியவில்லை.

இங்கே என் மேலதிகாரியிடம் சொல்லி அவர் மூலமாகப் பேச வைத்துவிட்டேன். நாளை வியாழக்கிழமை ஆட்கள் வருகிறார்கள். இந்தத் தடவை நிறுத்தச் சொல்லி எழுதாதே. எனக்கு இனிமேல் எந்தத் தோட்டத்தைப் பார்த்தாலும் எரிச்சல்தான் வரும்.

ரோலண்ட்


வைல்டன் அபாஸ்
5 செப்டம்பர்

அன்புள்ள ரோலண்ட்,

வந்தார்கள். சரி செய்துவிட்டார்கள். அதற்கு ஊர் முழுக்கத் தண்ணீரை அடைக்க வேண்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் டீக் கெட்டிலும் கையுமாக, தண்ணீர் எங்கே என்று கேட்டுக்கொண்டு ஒவ்வொருத்தராக என் கேட்டுக்கு வந்துவிட்டார்கள். ஆட்களோடு வந்த மேஸ்திரிக்குக் கணீரென்ற குரல். வந்தவர்களுக்கெல்லாம் தனித்தனியாக, "மாசக்கணக்கா ஒழுகியிருக்குங்க. இந்தம்மா தோட்டமே இதுலதான் நின்னிருக்கு" என்று விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார். மதியத்துக்குள் நான் திருடி இல்லை என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது.

யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. மேஜரின் மனைவி வாசலில் ஒரு பெரிய பூசணிக்காயை வைத்துவிட்டு, மணி அடிக்காமல் போயிருக்கிறார். அதுதான் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். நான் ஏன் நன்றி சொன்னேன்? எனக்கும் தெரியவில்லை. அவரைப் பார்த்தால் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. நனைந்துகொண்டு நின்றபோதுகூட, இன்னும் கொஞ்சம் நல்ல மாதிரி நடந்துகொண்டால் அவர் மனம் மாறிவிடும் என்று ஒரு மூலையில் நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். நீ கிளம்பிப் போன பிறகு அதைப் பற்றி நிறைய யோசித்தேன்.

வெள்ளிக்கிழமை திருமதி தொரோகுட் வந்தார். என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. டீ கொடுத்தேன். "நாங்க எல்லாருமே உங்களப் பத்தி..." என்று ஆரம்பித்து, அதை முடிக்காமல் விட்டுவிட்டார். பிறகு என் கையைத் தட்டிக் கொடுத்தார்.

"பாவம் நீங்க. அப்ப அது உங்க கைவேலையே இல்லையா?"

அதைக் கேட்டபோது என்ன தோன்றியது தெரியுமா? ரப்பர் வாத்தே தேவலை என்று தோன்றியது. திருடி என்று நினைத்தபோதுகூட அந்தத் தோட்டம் என்னுடையதாக இருந்தது. முதல் கடிதத்தில் நீ சொன்னதும் இதுதான். ஆனால் நீ பாவம் என்று சொல்லவில்லை.

அடுத்த வருடம் என்னை வரைபடத்தில் போடுவது கஷ்டம் என்றும், நான் புரிந்துகொள்வேன் என்றும் சொன்னார். ஜன்னல் வழியாக மண்ணைப் பார்த்தார். ஆட்கள் மூடிவிட்டுப் போன இடம் அது. கேட்டிலிருந்து பேரி மரம் வரை வெறும் மண். அதற்கு இரண்டு பக்கமும் மழைக்கு இப்போதுதான் களை முளைக்கிறது.

"ஆனா டீ மேஜைக்கு உங்கள மாதிரி ஒருத்தர் அவசியம் வேணும். உங்க கேக் பிரமாதம்னு எல்லாரும் சொல்றாங்க. வருஷா வருஷம் நீங்கதான் பார்த்துக்கணும்."

அன்றைக்கு அந்தக் கேக்கில் ஒரு துண்டுகூட யாரும் சாப்பிடவில்லை, ரோலண்ட். இருந்தாலும் அவர் சொன்னது சின்ன விஷயமில்லை. தோட்டம் பார்க்க வருகிறவர்களுக்கு டீயும் கேக்கும் கொடுக்கும் அந்த மேஜைப் பொறுப்பு இந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும்தான் கிடைக்கும். இத்தனை வருடம் நான் எதிர்பார்த்ததும் அதுதானே, ஊருக்குள் ஓர் இடம். ரொம்ப நன்றி என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"முடியாது" என்றேன்.

திருமதி தொரோகுட் கோப்பையைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார். இந்த ஊரில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு காரணம் வந்தாக வேண்டும். உடம்பு சரியில்லை, அன்றைக்கு ஊரில் இருக்க மாட்டேன், தம்பி வருகிறான், ஏதாவது ஒன்று. நான் என் டீயைக் குடித்தேன். அவர் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

மியூரியல்